கைக்குழந்தையோடு ஊர் சுற்றலாமா?

குழந்தை, குடும்பம், பயணம் பற்றி வந்த கடிதங்களும் பதில்களும்

கே: ஒன்றரை வயது மகனை ஊட்டிக்கு அழைத்துப் போகலாம் என்றால், "அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? காசுக்குத்தான் கேடு" என்கிறார் என் கணவர். நீங்கள் யார் பக்கம்?
- வாசகி, ஈரோடு

ப: உங்கள் பக்கம்தான். ஞாபகம் இருக்காது என்பது உண்மை. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. 'தண்ணீர்' என்ற சொல்லை எந்த நாளில், யார் சொல்லிக் கற்றோம் என்பதும்தான் நமக்கு நினைவில்லை. அதற்காகச் சொல் நம்மை விட்டுப் போய்விட்டதா? குளிரில் அப்பாவின் சால்வைக்குள் ஒண்டிக்கிடந்த சுகம் பிள்ளைக்குள் இறங்கத்தான் செய்யும். அதுவும் போக, இந்தப் பயணம் அவனுக்கு மட்டுமா? முதன்முதலாக மஞ்சுமூட்டத்தைப் பார்த்து அவன் கையை நீட்டும்போது பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள். மாமனார், மாமியாரையும் கூட்டிப் போனால் அவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்.

கே: மலை ரயிலில் கைக்குழந்தையை ஏற்றலாமா? டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறதே!
- வாசகர், திருப்பூர்

ப: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறு முதல் குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம் என்பதால், தண்டவாளத்துக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் வண்டி ஏறும். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை அது. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஐந்து மணி நேரமும் திருவிழா. ஒன்றரை வயதுக்கு அது அதிகம். இடத்தை விட்டு இறங்கி ஓட முடியாமல் சிணுங்க ஆரம்பித்துவிடும். சின்னக் குழந்தை என்றால் குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்குங்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். கேத்திப் பள்ளத்தாக்கு வரும்போது குழந்தை விழித்திருக்க வேண்டும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ மலையேறுவதாக இருந்தால் கிளம்பும் முன்பே இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் தொடங்கி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த முறை வந்துவிட்டது.

கே: பஸ்ஸில் குழந்தை அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூசிப்போகிறது.
- வாசகி, விருதுநகர்

ப: திரும்பிப் பார்ப்பவர் எல்லோரும் ஒரு காலத்தில் அழுதவர்கள்தாம். கூச்சப்படாதீர்கள். பசிக்காக அழுகிறதென்றால் அங்கேயே பால் கொடுங்கள். 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. அது பூட்டிக் கிடந்தால் நிலைய அலுவலரிடம் போய்ச் சாவி கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அது திறந்தே இருக்கும்.

கே: ரயிலா, பஸ்ஸா, காரா? கைக்குழந்தைக்கு எது தோது?
- வாசகர், மதுரை

ப: ரயில். இரண்டாவது யோசனையே வேண்டாம். நடக்க இடம் உண்டு, கழிப்பறை உண்டு, கால் நீட்டலாம், பக்கத்து சீட்டில் கண்டிப்பாக ஒரு பாட்டி இருப்பார். தனிப் படுக்கை கேட்காதவரை 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். 5 முடிந்து 12 ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட். முன்பு 120 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பதிவு தொடங்கும் காலை நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூளியைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். ஸ்லீப்பர் பெட்டியில் மேல் படுக்கைக் கம்பிகளில் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டி, அதற்குள் குழந்தையைப் போட்டுவிட்டால் ரயிலே ஆட்டிவிடும். நான் அண்மையில் பார்த்த ஒரு தூளி நீலக் கட்டம் போட்ட சுங்குடி. புடவை முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் தாழக் கட்டியிருந்தார்கள். முடிச்சைக் குழந்தையின் தாத்தா இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். கீழே ஒரு போர்வையை மடித்துப் போட்டிருந்தார்கள். அம்மாவின் கை புடவையின் விளிம்பை விடவே இல்லை. அந்த நான்கும் இருந்தால் கட்டலாம். ஒன்று குறைந்தாலும் மடியே மேல்.

கே: என் தம்பி மகள் நான்கு வயது. பைக்கில் பெட்ரோல் டேங்க் மீது உட்காரவைத்து ஊர் முழுக்கச் சுற்றுகிறான். சொன்னால், "நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்கிறான்.
- வாசகி, சேலம்

ப: அப்படி வளர்ந்தவர்கள் மட்டும்தான் இன்றைக்கு அதைச் சொல்ல இருக்கிறார்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதியே இதுதான். காரிலும் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் வேறு, விசை வேறு.

கே: வால்பாறை போகும்போதெல்லாம் ஐந்து வயது மகன் வாந்தி எடுக்கிறான். அவன் தங்கைக்கு ஒன்றரை வயது, அவளுக்கு ஒன்றுமே ஆவதில்லை. இது என்ன கணக்கு?
- வாசகர், பொள்ளாச்சி

ப: வண்டி வளைவதை உள்காது உணர்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டுகிறது. இரண்டு வயதுக்குள் இந்தத் தொல்லை அபூர்வம். அதற்குப் பிறகு தொடங்கிப் பள்ளி வயதில் அதிகமாகிப் பிறகு குறையும். ஆகவே மகளை மெச்ச வேண்டாம், மகனைக் குறை சொல்லவும் வேண்டாம்.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் முன் வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் கூடாது; ஓர் இட்லி போதும். கையில் போன், படப் புத்தகம் எதுவும் வேண்டாம். அவன் உயரத்துக்கேற்ற இருக்கையில் உட்காரவைத்து, முன் கண்ணாடி வழியே தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட், கட்டாயம் இறங்குங்கள். ஆழியாறு அணை முழுசும் கீழே தெரியும். காற்று முகத்தில் படட்டும், கால் தரையில் படட்டும். வாந்திக்கு மாத்திரை என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்ததாக மட்டும் இருக்க வேண்டும். பெரியவர்கள் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

கே: ஊருக்குப் போனாலே ஆளாளுக்கு அறிவுரை. மாமியார் ஆறு மாதக் குழந்தையின் நாக்கில் தேன் தடவுகிறார். தடுத்தால் வருத்தப்படுகிறார். போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.
- வாசகி, கோயம்புத்தூர்

ப: போகாமல் இருந்துவிடாதீர்கள். அது தேனைத் தடுக்காது, உறவைத்தான் தடுக்கும்.

தேன் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. ஒரு வயது நிரம்பும்வரை ஒரு துளி கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசையெல்லாம் தளர்ந்துபோகும். நமக்கு ஒன்றும் செய்யாத அதே தேன்தான். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் அப்படித்தான்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். "அம்மா, ஒரு வயசு வரைக்கும் தேன் வேண்டாம்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரும்மா" என்று மகன் சொன்னால் அது தகவல். மருமகள் சொன்னால், நம் வீடுகளில், அது வழக்கு. பிறகு அத்தைக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். "அத்தை, இவளுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்ட நீங்கதான் வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவே குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகிலிருந்து பாதம் வரை ஒரே வழியாக அவர் உருவிவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். எந்தக் காணொளியிலும் அந்தக் கை வராது. வென்னீரைத் தன் புறங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகே ஊற்றுவார். குளிப்பாட்டி முடித்ததும் குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும். அந்த நேரத்தில் நீங்களும் தூங்குங்கள்.

கே: குழந்தையின் முதல் பயணம் எங்கே இருக்க வேண்டும்?
- வாசகர், திண்டுக்கல்

ப: நம்மில் பலருக்கு அதைக் கேட்கவே தேவையிருக்காது. குலதெய்வம் கோயில்தான். முடி இறக்க, காது குத்த என்று குடும்பமே வேன் பிடித்துப் போகும் பயணம். எனக்கு அதைவிடப் பிடித்த பயணம் கிடையாது. போகிற இடம் பெரும்பாலும் சுற்றுலா வரைபடத்திலேயே இருக்காது. ஒரு வேப்பமரம், ஓடு போட்ட கொட்டகை, மண் குதிரை, கைப்பம்பு. ஆனால் அங்கே வருகிற ஆள்களைப் பாருங்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பார். பெரியப்பா அரிசியை அளப்பார். தூரத்து ஊரிலிருந்து எவர் எவரோ வந்து, "உங்க அப்பாவுக்கும் இதே மரத்தடியிலதான் மொட்டை போட்டோம்" என்பார்கள்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. குழந்தை எவ்வளவு கத்துகிறதோ அதில் பாதியை மாமன் முகம் காட்டும். குத்தி முடித்ததும் வாழைப்பழம் கையில் வரும். சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் வெயில் பட்டு, காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிரும். அழுகை அடங்காத அதே முகத்தோடு குழந்தை ஆட்டுக்குட்டியின் காதைப் பிடிக்கப் போகும். இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சவரக் கத்திக்குப் புது பிளேடு. அதை உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்க வேண்டும். காது குத்தும் கம்பி சுத்தமாக இருக்க வேண்டும். வெயிலுக்கு முன், காலை எட்டு, ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் குழந்தைக்கும் நல்லது, பொங்கல் வைப்பவருக்கும் நல்லது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், சின்னக் குழந்தையை இடம் பார்க்க அழைத்துப் போவதைவிட ஆள் பார்க்க அழைத்துப் போவதே முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொடைக்கானல் ஏரி இன்னும் இருபது வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும். உங்கள் பெரிய அத்தைக்கு இப்போது எண்பது வயது.

கே: குழந்தை பிறந்த பிறகு நானும் மனைவியும் மட்டும் தனியாகப் போக ஓர் இடம் சொல்லுங்களேன்.
- வாசகர், நாகர்கோவில்

ப: மொட்டை மாடி. குழந்தை தூங்கியதும் ஆளுக்கு ஒரு டம்ளர் டீயோடு. குழந்தையைப் பற்றிப் பேசக் கூடாது, மாதத் தவணையைப் பற்றியும் பேசக் கூடாது. தூக்கம் கலைந்தால் யார் இறங்கி ஓடுவது என்பதை மேலே ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் முறை நீங்கள்.

கே: நான் ஏழு மணிக்குக் கிளம்பினால் மகள் தூங்குகிறாள், பத்து மணிக்குத் திரும்பினாலும் தூங்குகிறாள். வருஷத்துக்கு ஒரு பெரிய டூர் போனால் ஈடாகுமா?
- வாசகர், ஓசூர்

ப: ஆகாது. உங்கள் கேள்வியிலேயே நீங்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது தெரிகிறது. சின்னப் பிள்ளைக்கு வருஷம் என்பது புரியாது. இன்று காலை, இன்று சாயந்திரம், அவ்வளவுதான் அவளுடைய பஞ்சாங்கம்.

ஒரு வேலையை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். அவளை ஆறரைக்கு எழுப்பிப் பல் தேய்த்துவிட்டு, தலை வாரிப் பின்னுவது உங்கள் வேலை என்று வையுங்கள். கோணல் மாணலாகத்தான் பின்னுவீர்கள். பரவாயில்லை, அவளுக்கு அது அப்பா போட்ட ஜடை. அதற்கு ஏற்றாற்போல் இரவில் அரை மணி முன்னதாக அவளைத் தூங்கவைக்க மனைவியிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை, ஜன்னலோர சீட்டு, திரும்பி அதே பஸ். அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது. கண்டக்டர் விசில் ஊதுவதை நாள் முழுக்க வீட்டில் நடித்துக் காட்டுவாள்.

நிறுவனத்தார் மேல் எனக்கும் கோபம் உண்டு. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள். பல தனியார் நிறுவனங்களில் தந்தைக்கு அதுவும் இல்லை. குழந்தை வளர்ப்பில் அப்பாவை விருந்தாளியாக வைக்கிற ஏற்பாடு இது. அதை மாற்றக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே, நாளைக் காலை சீப்பையும் எடுக்க வேண்டும்.

கே: ரயிலில் போன் கொடுக்காமல் இரண்டு வயதுக் குழந்தையை எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, செங்கல்பட்டு

ப: ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ரயில் ஜன்னலில் எருமை வரும், கூட்ஸ் வண்டி வரும், காவிரிப் பாலத்தில் தடதடவென்று சத்தம் வரும். "டீ, காபி" குரலை அவளே திருப்பிச் சொல்ல ஆரம்பிப்பாள். அதுவும் சலித்தால் சின்ன எவர்சில்வர் டப்பாவில் பொரியைப் போட்டு மூடிக் கொடுங்கள். திறப்பதில் ஒரு ஸ்டேஷன், தின்பதில் இரண்டு ஸ்டேஷன், கொட்டியதைப் பொறுக்குவதில் ஒரு ஸ்டேஷன் போய்விடும். ஒரே விலக்கு, தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது. அது பேச்சு.

கே: மூன்று வயது மகனுக்குச் சென்னையைச் சுற்றிக் காட்ட வேண்டும். இரண்டு நாள் இருக்கிறது. திட்டம் போட்டுத் தருவீர்களா?
- வாசகர், தஞ்சாவூர்

ப: அட்டவணையில் முதல் வரியாக மதியத் தூக்கத்தை எழுதுங்கள். இந்த வயதில் ஒரு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதைத் திருடி எடுத்த எந்தச் சுற்றுலாவும் சாயந்திரம் அழுகையில்தான் முடியும். பிறகு ஒரு நாளுக்கு ஓர் இடம். ஒரு நாள் வண்டலூர். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாள் பார்த்துப் போங்கள். இன்னொரு நாள் கிண்டி சிறுவர் பூங்கா, சாயந்திரம் கடற்கரை. புலிக் கூண்டுக்கு எதிரே நின்றுகொண்டு அவன் எறும்பு வரிசையைப் பார்த்தால் நீங்களும் குனிந்து எறும்பைப் பாருங்கள். அவன் ஊர் பார்க்கத்தானே வந்தீர்கள்!

கே: கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டால்? இந்தப் பயத்திலேயே திருவிழாவுக்குப் போவதில்லை.
- வாசகி, வேலூர்

ப: காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். அதை நீங்களே எந்த ஊர்த் திருவிழாவிலும் செய்யலாம். பட்டை இல்லையா, பால்பாயின்ட் பேனாவால் முழங்கையின் உட்புறம் எழுதுங்கள். கிளம்பும் முன் குழந்தையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அன்று என்ன சட்டை என்பது பதற்றத்தில் மறந்துபோகும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ரயிலில் 139, போலீசுக்கு 112. இவற்றைச் செய்துவிட்டுத் தைரியமாகத் தேர் பார்க்கப் போங்கள். தோளில் உட்கார்ந்து தேர் பார்க்கும் வயது சீக்கிரம் போய்விடும்.

கே: வழிக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?
- வாசகி, காரைக்குடி

ப: செட்டிநாட்டிலிருந்து என்னிடம் கேட்கிறீர்களே! சரி. பெரியவர்களுக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை. தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழைத்து, பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகக் கலந்தால் மதியம் வரை புளிக்காது. குழந்தைக்கு வெறும் இட்லி, மலைவாழைப்பழம், தனியாக ஒரு பாட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர். பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வயிற்றுப்போக்கு வந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். திட்டமாகக் கரைத்தால்தான் மருந்து. ஒரு நாளுக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது.

கே: குவைத்தில் வேலை. மகன் பிறந்தபோது பார்த்தது. வீடியோ காலில் 'அப்பா' என்கிறான், முத்தம் கொடுக்கிறான். லீவில் வந்து இறங்கி, ஏர்போர்ட்டில் தூக்கப் போனால் அலறுகிறான். இரவெல்லாம் தூங்கவில்லை நான்.
- வாசகர், கீழக்கரை

ப: சகோதரரே, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த கடிதத்தை எடுக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் உங்களை ஒதுக்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் தொடங்கி இரண்டு வயது வாக்கில் குறைகிற பயம் இது. புது முகம், புது வாசனை, புதுக் கை என்றால் குழந்தை தாயை இறுக்கிக்கொள்ளும். போனில் இருக்கும் அப்பா உள்ளங்கை அளவு. எதிரே நிற்கும் அப்பா ஆறடி, மீசை, அத்தர் வாசனை. இரண்டும் ஒரே ஆள் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டாமா? நேரம் கொடுங்கள்.

தூக்கப் போகாதீர்கள். தரையில் உட்காருங்கள். அவனைப் பார்க்காமல், அவன் பொம்மை லாரியை எடுத்து நீங்களே ஓட்டிக்கொண்டிருங்கள். அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும். முதலில் தூரத்திலிருந்து பார்ப்பான். பிறகு லாரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். அது வெறுப்பில்லை, பேச்சைத் தொடங்குகிறான். போனில் எந்தப் பாட்டைப் பாடுவீர்களோ, எந்தக் குரலில் அவன் பெயரைக் கூப்பிடுவீர்களோ, அதையே நேரிலும் செய்யுங்கள். அந்தக் குரல் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அது வழியாகத்தான் அவன் உங்களிடம் வந்து சேருவான்.

இன்னொரு வேண்டுகோள். லீவில் வருகிறவர்கள் மூன்றாம் நாளே குற்றாலம், ஏர்வாடி, கொடைக்கானல் என்று வண்டி எடுத்துவிடுகிறார்கள். முதல் வாரம் எங்கும் போகாதீர்கள். விருந்துக்கு அழைக்கும் உறவுகளிடம் அடுத்த வாரம் என்று சொல்லுங்கள். அவன் குளிக்கும்போது தண்ணீர் மொண்டு கொடுங்கள், அவன் தூங்கும் அறையிலேயே தூங்குங்கள். திரும்பிப் போகும் நாளில் அவன் தூங்கும்போது சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். விழித்திருக்கும்போது சொல்லிவிட்டுப் போங்கள். அழுவான், அழட்டும். சொல்லாமல் மறையும் ஆள் இல்லை அப்பா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் போட்டுக் களைந்த சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போன் அடியுங்கள், ஒரு நிமிஷம் கூடத் தள்ளிப்போடாமல்.

கே: போனில் குழந்தையின் படம் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. என்ன செய்ய?
- வாசகர், திருச்சி

ப: வருஷத்துக்கு ஐம்பது படத்தை மட்டும் ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு ஆல்பமாக ஒட்டுங்கள். படத்துக்குக் கீழே தேதி, ஊர், கூட நிற்பவர் என்ன உறவு என்பதை எழுதுங்கள். அந்த எழுத்தைப் பாட்டியின் கையால் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

கே: எனக்கு எழுபத்திரண்டு வயது. பேரப்பிள்ளைகள் பெங்களூருவில். மே மாத லீவில் நான்கு நாள் வந்துவிட்டு, "அப்பா, வெயில் தாங்கல" என்று கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

ப: ஐயா, தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்காததை, தேவையில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் சங்கடப்படுவார்களே என்று பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வது நம் வீடுகளில் அதிகம். மே மாதத்தில் கேட்பதைவிட ஆடி மாதத்தில் கேளுங்கள். பதினெட்டாம் பெருக்குக்கு வரச் சொல்லுங்கள். வெயில் தணிந்திருக்கும், காவிரியில் தண்ணீர் வந்திருக்கும். படித்துறையில் பேத்தி மடியில் எலுமிச்சை சாதத்தை வைத்துக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டு உட்காரட்டும். அவள் இடுப்பை உங்கள் மகன் பிடித்துக்கொள்ளட்டும், பெருக்குத் தண்ணீருக்கு வேகம் அதிகம். பெங்களூருவில் எந்தப் பூங்காவிலும் அது கிடைக்காது, அதைச் சொல்லியே கூப்பிடுங்கள்.

உங்கள் மகனுக்கும் ஒரு வரி. தம்பி, இந்தப் பக்கத்தைப் படித்தால் இன்றைக்கே அப்பாவுக்குப் போன் போடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கே: எல்லோருக்கும் வழி சொல்கிறீர்கள். நீங்கள் அடுத்த விடுமுறைக்கு எங்கே?
- வாசகி, புதுக்கோட்டை

ப: ராமேஸ்வரம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் என் அம்மா சின்ன வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். இப்போது பக்கத்திலேயே புதுப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். அதைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அம்மாவுக்கோ கடலுக்கு மேலே ரயில் போகும்போது பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவுக்கு லோயர் பெர்த்தும் கிடைத்துவிட்டது.